முட்டை ஓட்டு நாற்றும் கந்தப்பளைச் சம்பந்தமும்

தம்பி ராசா,

உன் கடிதம் கிடைத்தது. நலமா என்று ஒரு வரி, நாங்கள் நலம் என்று ஒரு வரி, டிக்கோயாவில் மழை விடவில்லை என்று ஒரு வரி. மீதிப் பக்கம் முழுவதும் உன் பெண்டாட்டி மீது முறைப்பாடு. தனம் முட்டை ஓடுகளைக் கழுவி, காயவைத்து, மண் நிரப்பி, குவாட்டர்ஸ் ஜன்னலில் வரிசையாக அடுக்குகிறாளாம். பழைய பேப்பரைச் சோடாப் போத்தலில் சுற்றிச் சுற்றிக் குவளை மாதிரி செய்து அதையும் பக்கத்தில் வைக்கிறாளாம். ஆபீசுக்குப் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்களாம். பெரிய கிளாக்கர் ஐயாவின் சம்சாரம் உங்கள் வாசல் வந்ததும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டி நடக்கிறாராம். உனக்கு வெட்கமாக இருக்கிறதாம். "நீங்க சொன்னா அவ கேப்பா, ஒரு வார்த்தை எழுதுங்கம்மா" என்று முடித்திருக்கிறாய்.

ஒரு வார்த்தையோடு நிறுத்த எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது? பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் வாளி நிரம்பி வழிந்து ஓடி, பின்னால் நிற்பவர்கள் சண்டைக்கு வந்த பிறகுதான் நான் பேச்சை முடிப்பேன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆகவே உட்கார்ந்து படி. இந்தக் கடிதத்தை நான் ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். ஒட்டினாலும் நம் தோட்டத்துத் தபாலை எடுத்துப் போகிறவர் கேத்தல் ஆவியில் காட்டிப் பிரித்துவிடுவார்; வயதான மனிதர், விரலைச் சுட்டுக்கொள்வார், அந்தப் பாவம் எனக்கு எதற்கு? அவர் படிக்கட்டும். நீ படித்து முடித்ததும் தனத்திடம் கொடு. பெரிய கிளாக்கர் சம்சாரத்துக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு. ஒளித்து வைக்கிற மாதிரி இதில் ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் என் அசட்டுத்தனம்தான், அது ஊருக்கே தெரியும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பழக்கம் அவளுடையதல்ல, என்னுடையது. எனக்கும் அதை யாரும் சொல்லித் தரவில்லை, மழைதான் சொல்லித் தந்தது. திம்புள்ளப் பக்கத்து மழையைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் நமக்கிருக்கும் அந்தச் சின்ன மரக்கறிப் பாத்தியில் நான் விதைப்பேன், ஆனி மழை வந்து வழித்து ஓடையில் கொண்டுபோய்ப் போடும். ஓடைக்குக் கீழே இருக்கிறவர்கள் வீட்டில், புத்தகத்தில் முட்டைக்கோசு என்று போட்டிருக்கும் என் கோவா முளைக்கும். மூன்று தரம் இப்படி அடுத்தவர் குடும்பத்துக்கு மரக்கறி விதைத்த பிறகுதான், நாற்றை மழை படாத இடத்தில் வளர்த்து, கொஞ்சம் தேறிய பிறகு பாத்திக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஞானம் வந்தது. எதில் வளர்ப்பது? பால் டின்னில் வளர்க்கலாம் என்றால், நம் வீட்டில் எந்த டின் சும்மா இருந்தது? ஒன்று உன் அப்பாவின் தேத்தண்ணீருக்கு, ஒன்று உப்புக்கு, ஒன்று விளக்குக்கு. அதோடு டின்னில் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி நடும்போது வேர் அறுந்து, கோவா ஒரு வாரம் கோபித்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டுவிடும். நீயும் சின்ன வயதில் அப்படித்தான், இடம் மாறிப் படுத்தால் தூங்கமாட்டாய்.

அப்போதுதான் துரை பங்களாவின் குக் அப்பு, துரைசானிக்கு கேக் அடித்துவிட்டு ஒரு வாளி முட்டை ஓட்டைக் குப்பைக் குழிக்குக் கொண்டுபோவதைப் பார்த்தேன். எனக்குக் கண் விரிந்துவிட்டது. சட்டியோடு நட்டால் சட்டி தானே மக்கிப் போகும், வேர் அறுகிற பேச்சே இல்லை! ஓடிப்போய் வழிமறித்தேன்.

"அப்பு, அந்த ஓட்டைக் குடுங்க. நாளையிலருந்து முட்டையை நடுவுல ஒடைக்காதீங்க. மேல மட்டும் தட்டித் தெறந்து ஊத்துங்க, கிண்ணம் மாதிரி வேணும்."

"ஏம்மா, துரைசானி என்னைய கேக் போடச் சொல்றாங்க, நீங்க சிலை செதுக்கச் சொல்றீங்க."

"மொதக் கோவா ஒங்களுக்குத்தான்."

"எனக்கு வாய்வு. கோவா ஆகாது."

ஆனாலும் அந்த மனிதர் அடுத்த நாளிலிருந்து நான் சொன்ன மாதிரியே தட்டித் திறந்து, வைக்கோல் போட்டு, கூடையில் அனுப்பினார். இன்றைக்கும் வாய்வு தொல்லைதான் அவருக்கு, இன்றைக்கும் ஓடு அனுப்புகிறார். அவரை நினைத்தால் கை தானாகக் கும்பிடும்.

பிறகு எனக்குப் பைத்தியம் முற்றியது. முட்டை ஓட்டோடு நின்றேனா? வாழைமட்டையை வளைத்து நாரால் கட்டினேன். பேப்பரைப் போத்தலில் சுற்றினேன். நேற்றைய செய்தியை எல்லாம் மண்ணுக்குள் நட்டேன். காய்ந்த பாண் ரொட்டியின் தோலைக் குடைந்து அதில் ஒருமுறை விதை போட்டேன். விடிந்து பார்த்தால் பாணும் இல்லை, விதையும் இல்லை. எலி மட்டும் சுவரோரம் உட்கார்ந்து இன்னும் இருக்கிறதா என்கிற மாதிரி பார்த்தது. ஊறுகாய் போட்ட மீதி எலுமிச்சை மூடிகளைக் கூட விடவில்லை. பிழிந்த மூடியைப் பார்த்தால் எனக்குக் குட்டிச் சட்டியாகத்தான் தெரிந்தது. இந்த எலுமிச்சை மூடிதான் பிறகு என் தலையில் பெரிய கல்லைப் போட்டது.

உனக்குப் பெண் பார்த்த அந்த வருடத்துக்கு வருகிறேன். நுவரெலியாவில் உறவுக் கல்யாணத்தில் நீ தனத்தைப் பார்த்துவிட்டு வந்ததும், உனக்கு என்ன ஆனது என்று நானும் உன் அப்பாவும் பேசிப் பேசிச் சிரித்தோம். கண்ணாடி முன்னால் வகிடு எடுக்க அரை மணி நேரம் எடுத்தாய். ரசத்தைக் குடித்துவிட்டுச் சாம்பார் நல்லா இருக்கு என்றாய். சரி, கேட்டுப் பார்ப்போம் என்று ஆள் அனுப்பினோம். தனத்துக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் வளர்த்தவர், கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் செய்கிறவர். அவர் சொன்னதுதான் அந்த வீட்டில் முடிவு. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிறோம், பிடித்திருந்தால் கை நனைக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார். வந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது, தண்ணீர் கூடத் தொடாமல் எழுந்தால் இல்லை என்று அர்த்தம். இது நம் ஆட்களிடம் இருக்கும் நல்ல வழக்கம். வாயால் இல்லை என்று சொல்லி யாரையும் நோகடிக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை நாள் சரியில்லை என்று யாரோ பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லி, புதன்கிழமையே வந்து நின்றார்கள். நான் எப்படி இருந்தேன் என்று கேள். தலையில் பழைய துணி, சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறேன், முழங்கை வரை சேறு. வாசலில் தாழ்வாரத்தின் கீழே, மழை படாமல் வெளிச்சம் விழுகிற ஒரே இடத்தில், என் நாற்றுப் படை அணிவகுத்து நிற்கிறது. அந்த அணிவகுப்பை ஒருமுறை நீ வெளியாள் கண்ணால் பார்க்க வேண்டும். வரிசை வரிசையாக முட்டை ஓடு. கோவா விதையும், தண்டு பருத்து உருளும் நோக்கோலின் விதையும் கடுகு மாதிரி ஒன்றுபோல இருப்பதால், மாறிப்போகாமல் இருக்கக் கோவா ஓட்டுக்கெல்லாம் குங்குமப் பொட்டு, நோக்கோல் ஓட்டுக்கெல்லாம் கரிப் பொட்டு வைத்திருந்தேன். எறும்பு வராமல் இருக்கச் சுற்றிலும் மஞ்சள் தூளும் அடுப்புச் சாம்பலும் தூவியிருந்தேன். ஓடு போதாமல் ஓரத்தில் வெட்டிய எலுமிச்சை மூடிகள். முட்டை, எலுமிச்சை, குங்குமம், மஞ்சள், கரி, சாம்பல்! தோட்டத்தில் ஒருவருக்குச் செய்வினை வைக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் என் வாசலில் கடை பரப்பியிருக்கிறது. ஒரு கருப்புக் கோழிதான் குறை. சொல்லி வைத்த மாதிரி அடுத்த வீட்டு முனியம்மா அக்காவின் கருப்புக் கோழி அந்த நேரம் பார்த்து நடுவில் வந்து நின்றது.

மாமன் குடையை மடக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து தாழ்வாரத்துக்குள் ஒரு காலை வைத்தார். மொறுக்கென்று சத்தம். அந்தக் காலைத் தூக்கினார். கீழே பார்த்தார். தூக்கிய காலைத் திரும்ப வைக்க இடம் தெரியாமல், குடையை ஊன்றிக்கொண்டு, கொக்கு மாதிரி நின்றார்.

"என்னாங்க இது?"

"முட்டை ஓடுங்கண்ணே."

"அது தெரியுது. உள்ளுக்கு என்னா?"

"மண்ணுங்க."

"எந்த மண்ணு?"

இந்த இடத்தில் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் "பாத்தி மண்ணு" என்று சொல்லியிருப்பாள். உன் அம்மாவுக்கு உண்மையைப் பேசும் வியாதி அன்றைக்குப் பார்த்து வந்தது.

"நல்ல மண்ணுங்கண்ணே! மயானத்து மேட்டுக்குக் கீழ ஓடைக்கரையில எடுத்தது. கருகருன்னு இருக்கும், அந்த மாதிரி மண்ணு இந்தத் தோட்டத்துலயே கெடையாது."

அவ்வளவுதான். மனிதர் ஒற்றைக் காலிலேயே பின்னால் குதித்தார். பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கி, கணுக்கால் மடங்கி, முனியம்மா அக்காவின் கோழி மேலேயே உட்கார்ந்தார். கோழி தப்பித்தது. அவர் மனைவி ஒரு பக்கம், கூட வந்தவர் ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க, நொண்டிக்கொண்டே பெரிய பாதைக்கு ஏறினார்கள். அடுப்பில் நான் வைத்திருந்த கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்துக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்காமல் ஒரு குடும்பம் திரும்பிப் போனது. மலையில் வேலை முடிந்து இறங்கி வந்த உன் அப்பா அவர்கள் முதுகைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"என்னா புள்ள பண்ணுன?"

"நாத்துப் போட்டேங்க."

"நாத்தா? எம்புள்ள கல்யாணத்துக்கே பாத்தி கட்டிட்டியே!"

பொழுது சாய்வதற்குள் பீலிக்கரையில் பேச்சு கிளம்பிவிட்டது. முனியம்மா அக்கா குடத்தை வைத்துவிட்டு என் காதுக்குள் வந்து, "ஏன்டி, எம் பேரை எந்த முட்டையில எழுதியிருக்க? அதை மட்டும் காட்டு, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். வருடக்கணக்காக என்னோடு வெற்றிலை போட்டவள்! இவள் வாயிலிருந்து கிளம்பிய கதை பஸ் ஏறி நுவரெலியா போய், கந்தப்பளை போய்ச் சேருகையில், நான் சுடுகாட்டில் உட்கார்ந்து கோழி ரத்தத்தில் கோவா வளர்ப்பதாக ஆகியிருந்தது. மாமனுக்கோ கணுக்கால் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. செய்வினையை மிதித்ததால்தான் கால் போனது என்று அந்த ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெண்ணை வேறு இடத்தில் கொடுக்கப் பேச்சு நடப்பதாகவும் நமக்குக் காதில் விழுந்தது.

அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டவில்லை. "பரவாயில்லம்மா" என்றாய். போட்ட சோற்றைச் சாப்பிட்டாய், இன்னும் கொஞ்சம் என்று கேட்கவில்லை. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாய். வாசலில் சிதறிக் கிடந்த ஓடுகளை நீதான் குனிந்து பொறுக்கி, உடையாததை எல்லாம் திரும்ப வரிசையாக வைத்தாய். உன் கல்யாணத்தைக் கெடுத்த சாமான்களுக்கு நீயே தண்ணீர் தெளித்தாய். அதை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீ நல்லா இருக்கணும் ராசா.

ஓடுகள் முளைத்து, இரண்டு இலை விட்டு, மூன்றாவதும் எட்டிப் பார்த்ததும், நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இது செய்வினை இல்லை, நாற்றுத்தான் என்பதை அந்த மனிதர் கண்ணாலேயே காட்டிவிடுவது. உன் அப்பாவிடம் சொன்னேன்.

"போகாத புள்ள. மிச்சமிருக்கிற காலும் போயிரும் அந்த மனுசனுக்கு."

நான் கேட்கவில்லை. குங்குமப் பொட்டு வைத்த ஓடுகளாகப் பொறுக்கிச் சுளகில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதன் பிறகு கந்தப்பளையில் நடந்ததை உன் அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். அவர் அங்கே வரவில்லை, இருந்தாலும் என்னைவிட நன்றாகச் சொல்வார்; அவர் கதையில் நான் அழுதேன் என்று வரும். நான் அழவில்லை. பஸ்ஸில் எனக்குக் கிடைத்த மரியாதையை முதலில் கேள். தலவாக்கலையிலிருந்து ஆட்கள் நெருக்கியடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறார்கள், என் பக்கத்து இடம் மட்டும் காலி. ஒரு பெரியவர் உட்கார வந்தார், சுளகைப் பார்த்தார், "எனக்கு நிக்கிறதுதான் வசதி" என்று சொல்லிவிட்டு நுவரெலியா வரை நின்றே வந்தார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு தாராளமாக நான் எந்தப் பஸ்ஸிலும் போனதில்லை.

கந்தப்பளை வீட்டு முற்றத்தில் மாமன் வாங்குப் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலில் பத்துப் போட்டுக் கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் அந்தக் காலை மடக்கிப் பின்னால் இழுத்தார்.

"அங்கயே நில்லுங்க."

"அண்ணே, இது வெறும் நாத்து. நீங்க மரக்கறி செய்யிறவரு, நீங்களே பாருங்க. கோவா நாத்து."

"கோவா நாத்த பாத்தியில போடுவாங்க. பெட்டியில போடுவாங்க. எந்த ஊருல முட்டைக்குள்ள போடுவாங்க?"

"மழை கொண்டுபோயிருதுங்கண்ணே."

"எங்களுக்கு மட்டும் வெயிலா அடிக்குது?"

வேலியோரம் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். எனக்குக் கூட்டம் சேர்ந்தால் நாக்கு நீளும் என்பது உனக்குத் தெரியும். "மாரியாத்தா மேல சத்தியமா இது கோவாதான்! இதுல கோவாவைத் தவிர வேற எது வந்தாலும், நான் சூனியக்காரின்னு நீங்க தோட்டம் தோட்டமா தப்படிச்சுச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன். மாமன் என்னை உற்றுப் பார்த்தார்.

"சரி. நட்டாத்தானே தெரியும்? இதைத் தொட்டு ஒடைச்சு நடுறது யாரு? வச்சவங்களே ஒடைச்சா அது செல்லாது. வேற ஆளு ஒடைக்கணும். ஒடைக்கிறவங்களுக்குத்தான் அந்த வினை புடிக்கும். யாரு வாரீங்க?"

வேலியோரம் இருந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று வீட்டு வேலை ஞாபகம் வந்தது. மாமனின் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் மேல்தட்டுப் பாத்தியிலிருந்து தனம் இறங்கி வந்தாள். கையெல்லாம் மண். யாரையும் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து, சுளகிலிருந்து ஒரு ஓட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கினாள். மொறுக். வேர் வெளியே வரத் தோதாக, நாற்று நோகாமல், அளவாக நொறுக்கினாள். நான் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. மண்ணில் வேலை செய்த கை. பாத்தியோரம் குனிந்து, குழி பறித்து, ஓட்டோடு வைத்து மண்ணை அணைத்தாள். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. சுளகு காலியாகும் வரை நிறுத்தவில்லை.

"நட்டாச்சு மாமா" என்றாள். "கோவான்னா கோவா, பேயின்னா பேயி. வளரட்டும், பாப்போம்."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர் திரும்பினேன். வேறு இடத்துப் பேச்சையும் மாமன் அறுவடை வரைக்கும் நிறுத்தி வைத்தார். நீயும் சுவரைப் பார்த்திருந்த கண்ணாடியை மறுபடி முகம் பார்க்கத் திருப்பி வைத்தாய். இரண்டு மாதம் போனது. ஒருநாள் கந்தப்பளையிலிருந்து ஆள் வந்தது. "ரெண்டு பேரும் வந்து பாருங்க" என்று மட்டும்தான் செய்தி. புதுச் சேலை உடுத்தி, உன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். முற்றத்தில் அதே கூட்டம். மாமன் இப்போது நடக்கிறார். எங்களை நேரே பாத்திக்குக் கூட்டிப் போனார்.

பாத்தி முழுக்க, தண்டு பருத்து, பச்சைப் பந்து பந்தாக, வரிசையாக, அழகாக, நோக்கோல்.

கோவா ஒன்று கூட இல்லை ராசா. மாரியாத்தா மேல் சத்தியம் செய்த கோவா ஒன்று கூட இல்லை. குங்குமம் கோவாவுக்கு, கரி நோக்கோலுக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொட்டு வைத்த அன்றைக்கு முனியம்மா அக்காவோடு பேசிக்கொண்டே வைத்ததில் மாற்றி வைத்திருக்கிறேன். என் வாயால் சொன்னபடி பார்த்தால் நான் சூனியக்காரி. தப்படிக்க ஆள் வந்திருக்கிறதா என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா மெதுவாக என்னிடமிருந்து ஒரு அடி தள்ளி நின்றார். அதை நான் இன்னும் மறக்கவில்லை, அது அவருக்கும் தெரியும்.

மாமன் ஒரு நோக்கோலைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது என்னாங்க?"

"நோ... நோக்கோலுங்கண்ணே."

"நீங்க சத்தியம் பண்ணுனது?"

"கோவாங்கண்ணே."

அவர் முகம் கோணியது. கோபம் என்று நினைத்தேன். உதடு துடித்தது, தோள் குலுங்கியது, கடைசியில் அந்தப் பெரிய மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

"நாலாவது எலையிலயே எனக்குத் தெரியும்! இவங்க வரட்டும்னு தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஏப்பா, செய்வினை செய்யிறவ எவ்வளவு வெவரமா இருக்கணும்! எந்தப் பேரு எந்த முட்டைன்னு தெரியாம ஒருத்தி வினை வைக்க முடியுமா? இவங்க எனக்கு வச்சா அது எதுத்த வீட்டுக்காரனுக்குல்ல போகும்! இவங்களைப் பாத்தாப்பா பயந்தேன்? என் காலை ஒடிச்சது பேயில்ல, என் புத்தி."

பிறகு என் பக்கம் திரும்பி, "உள்ளுக்கு வாங்க சம்பந்தியம்மா. நோக்கோல் கறி ஆக்கியிருக்கு, கை நனைச்சிட்டுப் போகலாம்" என்றார்.

உலகத்தில் புத்திசாலித்தனத்தால் பிள்ளைக்குக் கல்யாணம் முடித்த அம்மாக்கள் உண்டு. என் முட்டாள்தனத்தை ஊர் நடுவில் காட்டி உன் கல்யாணத்தை முடித்தவள் நான். அந்தக் கறியில் உப்பு கொஞ்சம் தூக்கல். நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகவே, தனத்துக்கு நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை நான் எழுதப் போவதில்லை. உனக்குத்தான் சொல்கிறேன். ஓட்டின் அடியில் ஊசியால் ஒரு துளை போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அவள் மறந்தால் நீ போடு. பேப்பர்க் குவளையை நடும்போது விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியக்கூடாது, தெரிந்தால் காய்ந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். எலுமிச்சை மூடி வேண்டாம். பூசணம் பிடித்ததைத் தவிர அதில் நான் ஒரு சுகமும் காணவில்லை. டிக்கோயாவில் பொட்டு வைக்கும் வேலையை அவளிடமே விட்டுவிடு, யாரோடும் பேசிக்கொண்டு வைக்கமாட்டாள். பெரிய கிளாக்கர் சம்சாரம் எட்டி நடந்தால், கூப்பிட்டு ஒரு ஓட்டைக் கையில் கொடு. வாங்கினால் உங்களுக்கு ஒரு சிநேகிதம். வாங்காவிட்டால் உங்களுக்கு ஒரு நோக்கோல் மிச்சம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் டிக்கோயாவுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், நீ வெளியே சாமான் கட்டிக்கொண்டிருந்தாய். தனம் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் பழைய கதையை எடுத்து, கந்தப்பளையில் அத்தனை ஆம்பிளைகள் பயந்து நிற்க, அவள் மட்டும் இதெல்லாம் சும்மா மண்ணு என்று தெரிந்து துணிந்து வந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் துருவுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"நான் அது மண்ணுன்னு நெனைக்கலைங்கத்தை."

"பின்ன?"

"செய்வினைன்னுதான் நெனச்சேன். மாமா சொன்னா எனக்கு வேதவாக்கு. மயானத்து மண்ணு வேற. நான் சின்னதுலருந்து அமாவாசை அன்னைக்கு வாசல்ல கெடக்கிற எலுமிச்சம்பழத்தைக் கூடத் தாண்டமாட்டேன்."

நான் அகப்பையைக் கீழே வைத்தேன். "அப்புறம் எதுக்குடி ஒடைச்ச?"

"யாராச்சும் ஒடைச்சாத்தான ஒங்க மகனோட சம்பந்தம் கைகூடும்? என்னையப் புடிச்சா என்னோட போகட்டும்னு ஒடைச்சேன். அன்னைக்கு ராத்திரி பூரா கை கூசிக்கிட்டே கெடந்துச்சு."

சொல்லிவிட்டுத் தேங்காயைத் தட்டித் துருவலை வழித்து என் பக்கம் தள்ளினாள். நீ வெளியிலிருந்து, கயிறு எங்கே என்று சத்தம் போட்டாய். அவள் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தாள்.

என் சுளகில் இருந்தது மண்ணும் விதையும் என்று எனக்குத் தெரியும், அதனால் என் சத்தம் வானம் வரைக்கும் போனது. அவளுக்கு அது தெரியாது. தெரியாமலே கையை நீட்டினாள். உன்னை அவள் ஒரே ஒரு தரம், கல்யாண வீட்டுக் கூட்டத்தில், பந்தி பரிமாறும்போது பார்த்தவள்.

மணவறையைச் சுற்றி வருகையில் நீ பிடித்துக்கொண்டு வந்தது அந்தக் கையைத்தான். பார்த்துப் பிடி, ராசா.

அம்மா